பெரிய மீன்களுக்குத் தொட்டி மாற்றும்போது: வாசகர் கேள்வி – பதில்

கண்ணாடித் தொட்டி மீன்கள் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த முறை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. குட்டியாக வாங்கிய மீன் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டது, பெரிய தொட்டியும் தயார், எப்படி மாற்றுவது? வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆரணி என்று பழைய வட ஆற்காடு ஊர்களிலிருந்தே அதிகக் கடிதங்கள். அதனால் இந்தப் பக்கத்துத் தண்ணீரையும் வெயிலையும் மனத்தில் வைத்தே பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 20 அங்குல சில்வர் அரோவானா இருக்கிறது. 4×1½×1½ அடித் தொட்டியில் திரும்ப முடியாமல் தவிக்கிறது. 6×2×2 அடியில் புதுத் தொட்டி செய்து அதே ஹாலில் வைத்துவிட்டோம். வலையில் பிடித்துப் போட்டுவிடலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. பழைய தண்ணீரையே முழுக்க ஊற்றினால் போதுமா?
— வாசகர், காந்தி நகர், காட்பாடி

பதில்: வலை வேண்டாம். உங்கள் பயம் சரியானதுதான். அரோவானாவின் செதில் பெரியது, வலைக் கண்ணியில் மாட்டிப் பிய்ந்துவிடும். தாடையில் இருக்கும் இரண்டு மீசையும் ஒடியும். அதைவிடப் பெரிய ஆபத்து முதுகெலும்பு. அந்த நீளத்து மீனின் எடையைத் தண்ணீர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. வலையில் தூக்கினால் உடம்பு நடுவில் வளைந்து, முழு எடையும் முள்ளில் இறங்கும். அப்படியே துள்ளினால் உள்ளே அடிபடும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஆனால் மீனைப் பிடிப்பது கடைசி அரை மணி நேர வேலை. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் காரியம் இருக்கிறது.

முதலில் புதுத் தொட்டி. 12 மி.மீ. கண்ணாடியை ஒட்டிய சிலிக்கோன் பசை உள்வரை காய ஒரு வாரம் விடுங்கள். புளித்த காடி வாசனை அடித்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். பிறகு முழுக்க நிரப்பி ஐந்தாறு நாள் வைத்து, மூலைகளில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோப்பு படாமல் கல் உப்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

அடுத்தது தண்ணீர். உங்கள் புதுத் தொட்டி விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்பினால் சுமார் 620 லிட்டர் பிடிக்கும். பழைய தொட்டியில் இருப்பது 225 லிட்டர்தான். முழுக்க ஊற்றினாலும் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாண்டும். பழைய தண்ணீரில், மீன் கழிவின் நஞ்சைத் தின்று நன்மை செய்யும் பாக்டீரியா நிறைய இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீரில் மிதப்பவை சொற்பம். அவை ஒட்டி வாழ்வது ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும்தான். ஆகவே பழைய தண்ணீரைக் காப்பாற்றப் பாடுபடுவதைவிட, பழைய தொட்டியைப் புதுத் தண்ணீருக்குப் பழக்குங்கள். மாற்றும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, புதுத் தொட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்களோ அதையே ஊற்றுங்கள். இரண்டு வாரத்தில் இரண்டு தொட்டிக்கும் பி.எச். என்ற அமில-கார அளவும், டி.டி.எஸ். என்ற கரைந்த உப்புகளின் மொத்த அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அதன்பின் மீனுக்குத் தொட்டிதான் மாறும், தண்ணீர் மாறாது.

காவிரிக் கூட்டுக் குடிநீர் பிடித்தால் அதில் குளோரின் இருக்கும். ஒரு முழுநாள் ஏர் ஸ்டோன் போட்டுக் காற்று ஓடவிட்டாலே போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போடலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் இருக்கும் 400 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 3 கிராம் ஹைப்போ படிகம் போதும். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். குளோரின் சோதனைச் சொட்டு விட்டால் மஞ்சள் ஏறக்கூடாது.

ஃபில்டர் விஷயத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது. பாக்டீரியா எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மீன் தின்னும் தீனி, தொட்டியின் அளவு அல்ல. அதே மீன், அதே தீனி என்றால் பழைய ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவே 620 லிட்டருக்கும் போதும். புது ஃபில்டர் வாங்கியிருந்தால் நாலு முதல் ஆறு வாரம் பழைய தொட்டியிலேயே இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். அது முடியாதென்றால் மாற்றும் நாளில் பழைய ஸ்பாஞ்சையும் ரிங்கையும் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு அப்படியே புது ஃபில்டருக்கு மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், காயவிடாதீர்கள்.

இனி மாற்றும் நாள். இரண்டு நாளாகத் தீனி நிறுத்தியிருக்க வேண்டும். வயிறு நிறைந்த மீன் பதற்றத்தில் கக்கும், தண்ணீர் கெடும். ஹீட்டர் இருந்தால் ஸ்விட்சை அணைத்து இருபது நிமிடம் கழித்தே தண்ணீரை இறக்குங்கள். சூடான கண்ணாடிக் குழாயில் வெறுங்காற்று பட்டால் வெடித்துவிடும். விளக்கை அணைத்து ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். கட்டை, கல் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். மீன் மிரண்டு பாயும்போது இடிபட ஒன்றும் இருக்கக்கூடாது. மூடியை எடுக்காமலே, ஓரத்தில் குழாய் விட்டுத் தண்ணீரை பத்து அங்குலத்துக்கு இறக்குங்கள். அந்த ஆழத்தில் அரோவானா எகிறிக் குதிக்கப் போதிய ஓட்டம் கிடைக்காது.

தடிமனான பாலிதீன் பை வேண்டும், நீளம் மூன்றடிக்குக் குறையாமல். ஒருவர் பையைத் தண்ணீருக்குள் படுக்கவைத்து, காற்றை வெளியேற்றி, வாயை அகல விரித்துத் தொட்டியின் ஒரு முனையில் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் தொட்டியின் அகலத்துக்கு வெட்டிய அக்ரிலிக் பலகையைச் செங்குத்தாக விட்டு, மறுமுனையிலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்த்தட்டும். பையின் வாய்க்குள் தலை நுழைந்ததும் மீன் ஒரு கணம் நின்றுவிடும். செவுள் மூடி மட்டும் திறந்து மூடும், மீசை இரண்டும் பையைத் தடவிப் பார்க்கும். இந்தக் கணத்தில்தான் பலர் அவசரப்பட்டுத் தள்ளுகிறார்கள்; மீன் பின்னால் திரும்பிப் பாய்ந்துவிடுகிறது. பலகையை அப்படியே நிறுத்திக் காத்திருங்கள். வாலை ஒரு வீச்சு வீசி அதுவே உள்ளே போகும். உடனே வாயைத் தண்ணீருக்கு அடியிலேயே சேர்த்துப் பிடியுங்கள்.

பைக்குள் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீரோடு மீன் கிடக்கும். இருவர் சேர்ந்து, ஒருவர் வாயைப் பிடிக்க, மற்றவர் இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கி, பக்கத்தில் வைத்த நீளமான டப்பில் இறக்குங்கள். அங்கிருந்து புதுத் தொட்டிக்கு. பையின் வாயைத் தொட்டி விளிம்பில் மடித்துக் கிளிப் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு லிட்டர் புதுத் தண்ணீரை உள்ளே விடுங்கள். அரை மணி கழித்துப் பையைத் தண்ணீருக்குள் சாய்த்துவிட்டால் போதும், அதுவே வெளியேறும். ஆரம்பம் முதல் கடைசிவரை மீன் காற்றைப் பார்க்கவே கூடாது.

லிட்டருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில், 620 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுவது நல்லது. அயோடின் கலக்காத உப்பாகப் பாருங்கள். விளக்கு ஒரு நாள் அணைந்தே இருக்கட்டும். முதல் சில இரவுகளில்தான் அரோவானா அதிகம் குதிக்கும். மூடியின் மேல் நாலு மூலையிலும் செங்கல் வையுங்கள். ஒயர் போக விட்ட இடைவெளியைக்கூட ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள். பின்பக்கமும் இரு பக்கவாட்டும் கறுப்புத் தாள் ஒட்டினால் கண்ணாடியில் மோதாது. பத்து நாள் தினமும், மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 0.25 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

கேள்வி: இதே 6×2×2 தொட்டியை முதல் மாடியில் வைக்கலாமா?
— வாசகி, சத்துவாச்சாரி

பதில்: தண்ணீர் 620 கிலோ, 12 மி.மீ. கண்ணாடி சுமார் 120 கிலோ, இரும்பு ஸ்டாண்டும் மணலும் சேர்ந்தால் 850 கிலோவைத் தொடும். இந்த எடை 12 சதுர அடியில், அதாவது ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் உட்காரும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று கணக்கிட்டே போடப்படுகின்றன. அதற்காகத் தளம் உடனே உடைந்துவிடும் என்றில்லை. ஆனால் அறையின் நடுவில் வைக்கவே கூடாது. கீழே பீம் ஓடும் இடத்தில், சுவரை ஒட்டி, நீளவாக்கில் வையுங்கள். கட்டிய பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய சென்னைக் கூரை வீடு என்றால் கீழ்த்தளமே சரி. எங்கே வைத்தாலும் ஸ்டாண்டின் மேல் 18 மி.மீ. ப்ளைவுட், அதன்மேல் அரை அங்குலத் தெர்மாகோல். தொட்டிக்கு அடியில் ஒரு சிறு கல் துணுக்கு இருந்தாலும் அந்தப் புள்ளியில் கண்ணாடி கீறும்.

கேள்வி: இரண்டு ஆஸ்கர், ஒவ்வொன்றும் பத்து அங்குலம். ஆறு மாதமாகத் தண்ணீர் மாற்றாத பழைய தொட்டியிலிருந்து, போர் தண்ணீர் நிரப்பிய புதுத் தொட்டியில் விட்டோம். புதுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. மறுநாளே ஒன்று, அதற்கடுத்த நாள் மற்றொன்று இறந்துவிட்டது. அழுக்குத் தண்ணீரில் உயிரோடு இருந்த மீன் நல்ல தண்ணீரில் ஏன் சாகிறது?
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: இந்தக் கடிதம்தான் எங்களை அதிகம் வருந்த வைத்தது. ஏனென்றால் இது அடிக்கடி நடக்கிறது, தடுக்கவும் முடியும்.

பல மாதம் தண்ணீர் மாற்றாத தொட்டியில் மீன் கழிவால் அமிலம் சேர்ந்துகொண்டே போகும். பி.எச். 6 வரைகூட இறங்கும். அந்த நிலையில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், அம்மோனியா தேங்கும். ஆனாலும் மீன் சாகாது. அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, நஞ்சு குறைந்த வடிவத்தில்தான் இருக்கும். 28 டிகிரித் தண்ணீரில் பி.எச். 6 என்றால் நஞ்சான வடிவம் மொத்தத்தில் 0.07 சதவீதம். பி.எச். 7 ஆனால் 0.7 சதவீதம். பி.எச். 8 ஆனால் 6.5 சதவீதம். பழைய தண்ணீரையும் கழுவாத மணலையும் கொஞ்சம் கொண்டுபோய், பி.எச். 8 உள்ள போர் தண்ணீரில் கலந்தால் அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா ஒரே நேரத்தில் கிட்டத்தட்ட நூறு மடங்கு நஞ்சாகிறது.

இரண்டாவது அடி உப்பின் அளவு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும் இடங்கள் நிறைய. பழைய தொட்டியில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிவந்து திடீரென்று இதில் விட்டால், உடம்பின் உப்பையும் நீரையும் சமன் செய்யும் வேலையில் செவுளும் சிறுநீரகமும் திணறும். இது உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் மீன் தரையில் படுக்கும், செதில் ஓரம் சிவக்கும், பிறகு போய்விடும். உங்கள் கடிதத்தில் இருக்கும் கால அளவும் இதனோடு பொருந்துகிறது.

ஆகவே பழைய தொட்டி அழுக்கு என்று தெரிந்தால் மாற்றுவதற்கு முன் அதைத்தான் சீராக்க வேண்டும். ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றாதீர்கள். தினம் பத்தில் ஒரு பங்கு போதும். பி.எச். ஒரு நாளில் 0.3க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமானாலும் பரவாயில்லை.

இன்னொன்று. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கு அருகே போர் இருந்தால் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது மொத்த அளவைத்தான் சொல்லும். குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. அப்படிப்பட்ட தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே வேண்டாம். குடிநீர்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குளோரின் போக்கி ஊற்றுங்கள், அல்லது மழைக்காலத்தில் மாடியில் முதல் மழை கழுவிய பிறகு பிடித்த தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வீடு மாறுகிறோம். ஒரு ஃப்ளவர்ஹார்ன், கடையில் ஷார்க் என்று விற்கும் 14 அங்குல நன்னீர் மீன் இரண்டு. குட்டி யானையில் சாமானோடு தொட்டியைக் கால்வாசித் தண்ணீர் வைத்து மீனோடு ஏற்றிவிடலாமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினாலும் உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக மோதும். அந்த மோதலில் அடிக்கண்ணாடி விரியும், அல்லது ஒட்டு பிரியும். தொட்டியை மணல்கூட இல்லாமல் காலியாக்கி, தெர்மாகோல் மேல் உட்காரவைத்து, சாய்க்காமல் கொண்டுபோங்கள்.

மீன்களுக்குக் கடல்மீன் விற்பவர்கள் வைத்திருக்கும் 70 முதல் 100 லிட்டர் ஐஸ் பெட்டி நல்லது. மூடி இருக்கிறது, உள்ளே இருட்டாக இருக்கும், வெயில் இறங்காது. முன்பு வேறு எதற்கும் பயன்படாததாகப் பாருங்கள். மருந்து, சோப்பு வாடை வந்தால் விட்டுவிடுங்கள். முக்கால்வாசி தொட்டித் தண்ணீர் ஊற்றி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மூடியில் துளை போட்டு விடுங்கள், இன்னொன்றைக் கையில் வைத்திருங்கள். ஷார்க் மீன் ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில். அது மிரளும் சுபாவம், வெளிச்சத்தில் மூக்கு உடையும்வரை முட்டும். மூடிய இருட்டில் மயங்கியது போல் அசையாமல் கிடக்கும். செவுள் அசைந்தால் கவலை வேண்டாம். ஃப்ளவர்ஹார்னும் தனியே. பயணம் ஒரு மணி நேரம்தான் என்பதால் ஆக்சிஜன் பாக்கெட் தேவையில்லை.

ஒருவேளை கடையில் பாக்கெட் போட்டுத் தந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன், இரட்டைப் பை. மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லுங்கள்; கட்டாத மூலையில் தலை சொருகி மீன் மூச்சுத் திணறும். பாக்கெட்டில் ஐந்தாறு மணி நேரம் கிடந்த மீனுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். அடைத்த பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா நஞ்சாகும். அதனால் திறந்த பையில் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது கெடுதல். மூடிய பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்ததும் மீனை மட்டும் தொட்டிக்குள் விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது.

ஃபில்டர் ஸ்பாஞ்சையும் ரிங்கையும் மூடிய கேனிஸ்டருக்குள் தண்ணீரோடு விட்டு ஏற்றாதீர்கள். ஓட்டம் நின்ற தண்ணீரில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்து பாக்டீரியா செத்து நாறிவிடும். தண்ணீரை வடித்துவிட்டு, ஈரமாக, வாயகன்ற வாளியில் ஈரத்துணி போட்டுக் கொண்டுபோங்கள். வேலூர் வீட்டில் முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைத்திருந்தால், போனதும் முதலில் ஃபில்டர், பிறகு மீன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: கெளுத்தி வகை மீனை வலையில் பிடித்தபோது பக்கத்து முள் வலையில் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் முள் உடைந்து ரத்தம் வந்தது.
— வாசகர், ஆம்பூர்

பதில்: கெளுத்திக்கு மார்புத் துடுப்பின் முன்முள்ளும் முதுகு முள்ளும் பயந்தவுடன் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் சிறு பற்கள் இருப்பதால் இழுக்க இழுக்க வலை இறுகும். மாட்டினால் மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வலையைக் கத்தரித்துவிடுங்கள். வலை நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீனும் இப்படித்தான், கன்னத்து முள் மாட்டும். அதை மரக்கட்டையோடு ஒட்டியிருக்கும்போது கட்டையோடு சேர்த்து டப்பில் தூக்குங்கள். கெளுத்தியை வாயகன்ற பிளாஸ்டிக் டப்புக்குள் ஓட்டிப் பிடிப்பதே முறை. உடைந்த முள்ளுக்கு மருந்து எதுவும் பூசாமல் தண்ணீரைச் சுத்தமாக வையுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு, அதற்கு மேல் வேண்டாம், ஒரே தடவையிலும் கொட்ட வேண்டாம். செதில் இல்லாத மீனுக்கு உப்பு சீக்கிரம் உறைக்கும்.

கேள்வி: கிராம்பு எண்ணெய் விட்டு மயக்கிப் பிடிக்கலாம் என்கிறார்களே?
— வாசகி, தொரப்பாடி

பதில்: கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் மீனை மயக்கும் என்பது உண்மை, மீன்வளத் துறையினர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் லேசான தூக்கத்துக்கும் செவுள் நின்றுபோவதற்கும் இடையே உள்ள அளவு மிகக் குறுகியது. எண்ணெய் தண்ணீரில் தானாகக் கரையாது. சீராகக் கலக்காமல், அங்கங்கே துளித்துளியாகக் கெட்டியாக நிற்கும். கடையில் வாங்கும் பாட்டிலில் கலப்பு எவ்வளவு என்பதும் தெரியாது. ஒரு தொட்டியிலிருந்து பக்கத்துத் தொட்டிக்கு மாற்ற இவ்வளவு ஆபத்துக்குத் தேவையே இல்லை. இருட்டும் தாழ்ந்த தண்ணீரும் பொறுமையான ஒரு துணையாளும் போதும்.

கேள்வி: மே மாதம் மாற்றினோம். மூன்றாம் நாளிலிருந்து விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பகலில் சரியாகிவிடுகிறது.
— வாசகர், ஆரணி

பதில்: விடியற்காலையில் மட்டும், அதுவும் எல்லா மீனும் என்றால் பிராணவாயுக் குறைவு. நாள் முழுக்க அப்படி இருந்தால் அம்மோனியாவையோ, அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட் என்ற நஞ்சையோ சந்தேகிக்கலாம். ஒரே ஒரு மீன் மட்டும் என்றால் அதன் செவுளில் பழுது.

கத்திரி வெயிலில் நம் ஊர்களில் 40 டிகிரி சாதாரணம். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயு கரையும். 32 டிகிரியில் 7.3, 35 டிகிரியில் 7க்கும் கீழ். அதே சூட்டில் மீனுக்குத் தேவையும் கூடுகிறது. ஆழமான புதுத் தொட்டியில் ஃபில்டர் குழாயைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்திருப்பீர்கள். மேற்பரப்பு அசையாது, எண்ணெய்ப் படலம் போல ஒன்று மூடிக்கொள்ளும். குழாயை நீர்மட்டத்துக்கு மேல் தூக்கித் தண்ணீர் விழும்படி விடுங்கள். ஏர் ஸ்டோன் இரண்டு, இரவு முழுக்க. மேற்பரப்பை நோக்கி ஒரு டேபிள் ஃபேன் ஓடவிட்டால் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் அளவுக்குத் தினமும் தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஐஸ் கட்டியைத் தொட்டியில் கொட்டாதீர்கள். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல்.

மாடித் தொட்டித் தண்ணீரை மதியம் திறந்து நேராக ஊற்றுவதும் இந்த மாதத்தில் நடக்கும் பெரிய தவறு. தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்வெட்டுக்கு ஏர் பம்பை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். சில வாட்தான் இழுக்கும். முடிந்தவரை இனிமேல் தொட்டி மாற்றத்தை ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒன்றரை அடி ஆகிவிட்டது. ஆறடித் தொட்டி போதுமா? இல்லையென்றால் ஏரியில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம்.
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: ஏரியில் விடாதீர்கள். அமேசான் ஆற்று மீன் அது, வாயில் நுழைவதையெல்லாம் விழுங்கும். சக்கர் மீன் இப்படித்தான் யாரோ விட்டுத் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, வலைபோடும் மீனவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது.

இந்த மீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். தொட்டியின் அகலம் மீனின் நீளத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் வளையாமல் திரும்ப முடியும். இரண்டடி அகலத்தில் உங்கள் மீனுக்குச் சில மாதம்தான் ஓடும். இடம் இருந்தால் 10×6×3 அடியில் சிமென்ட் தொட்டி கட்டுங்கள். 5,000 லிட்டர் பிடிக்கும். முழு வளர்ச்சிக்கு அதுவும் குறைவுதான் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ இப்போதே ஒப்படையுங்கள். மூன்றடி ஆன பிறகு வாங்க ஆள் கிடைக்காது.

புதுச் சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து பி.எச். 10க்கு மேல் போகும். நிரப்பி, ஐந்தாறு நாள் வைத்து, கொட்டி, மூன்று வாரத்தில் மூன்று நாலு முறை இப்படிச் செய்யுங்கள். நம் பக்கத்து மீன் பண்ணைகளில் வாழைமரத் தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பார்கள். தண்டு அழுகி அமிலம் விடும், சுண்ணாம்பு தணியும். பிறகு தண்டையெல்லாம் எடுத்துக் கழுவிவிட்டு, புதுத் தண்ணீரில் பி.எச். மூன்று நாள் தொடர்ந்து 8க்குக் கீழ் நின்றால் மீனை விடலாம்.

கேள்வி: மாற்றி நாலு நாள் ஆகிறது, அரோவானா எதையும் தின்னவில்லை. மருந்து ஏதாவது போடலாமா?
— வாசகி, பாகாயம்

பதில்: மருந்து வேண்டாம். நன்றாக வளர்ந்த அரோவானா இரண்டு வாரம் தின்னாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. நடுமட்டத்துக்கு மேல் நிமிர்ந்து நீந்துகிறது, துடுப்பு விரிந்திருக்கிறது, செவுள் சீராக அசைகிறது என்றால் காத்திருங்கள். முதல் நாள் எதுவும் போடாதீர்கள். அதன்பின் மாலையில், விளக்கைப் பாதியாகக் குறைத்து, தோலுரித்த இறால் ஒரு துண்டு மட்டும் மிதக்கவிடுங்கள். பத்து நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். கிடந்து அழுகினால் அம்மோனியா ஏறும். ஆசை காட்ட உயிர்மீன் வாங்கிப் போடாதீர்கள், அதோடு நோயும் வரும். துடுப்பை ஒடுக்கி மூலையில் நிற்கிறது, வெள்ளைப் புள்ளி தெரிகிறது, அல்லது செவுள் வேகமாக அடிக்கிறது என்றால் அப்போது பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் மூன்றையும் பாருங்கள். நைட்ரைட் இருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு உடனே உதவும். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். கூடவே கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், மறுநாளும் அளந்து பாருங்கள்.